பெருநாழி அளந்த கல்

சிவகாசிப் பக்கத்தில் பறக்கும் தட்டுக்கு மரியாதை கிடையாது. ராத்திரி 9 மணிக்கு வானத்தில் பச்சையாக ஒன்று எழும்பி, அந்தரத்தில் ஒரு நொடி நின்று, மூன்றாகப் பிரிந்து, சிவப்பாகி மறைகிறது என்று வையுங்கள். அமெரிக்காவாக இருந்தால் ஒருவர் போலீசுக்குப் போன் போடுவார், ஒருவர் புத்தகம் எழுதுவார், மூன்றாமவர் தன்னை ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள் என்பார். எங்கள் பக்கம் திண்ணையில் சாய்ந்திருக்கும் பெரியவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "புது ரகம் போல. சாம்பிள் விட்டுப் பாக்காங்க. சிவப்பு லேட்டாத்தான் பிடிக்குது, மருந்து சரியில்ல" என்று சொல்லிவிட்டுத் துப்புவார். வழக்கு முடிந்தது.

என் அத்தை அவருக்கும் மேலே. வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அடுப்படியில் புளி கரைத்தபடியே காதால் பிரித்துச் சொல்வாள்: இது குருவி வெடி, இது லட்சுமி வெடி, இது அணுகுண்டு, இது நமத்துப்போன சரம். "அடையாளம் தெரியாத" என்ற சொல்லை அவள் அந்த அடுப்படிக்குள் விட்டதே இல்லை.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி வித்தையைக் கற்றுவந்து, 1923இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கிய கதை இங்கே பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதற்கும் 66 வருஷம் முன்னால், சிவகாசிக்குக் கிழக்கே மாட்டுவண்டியில் இரண்டு மூன்று நாள் போகிற தூரத்தில், லைசென்ஸ் இல்லாமல், திரி இல்லாமல், கூலி ஆளும் இல்லாமல் வானமே சொந்தச் செலவில் ஒரு வெடி போட்டது. போட்டதோடு நிற்காமல் தடயத்தையும் விட்டுவிட்டுப் போனது. பறக்கும் தட்டு ஆராய்ச்சியாளர்கள் முக்கால் நூற்றாண்டாக எதற்காகத் தவம் கிடக்கிறார்களோ, அந்தக் கையால் தொட்டுப் பார்க்கிற தடயம்.

அந்த வழக்குக் கட்டைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். முதல் தகவல் அறிக்கையிலிருந்து ஆரம்பிப்போம்.

சம்பவம்

நாள்: 1857 பிப்ரவரி 28, சனிக்கிழமை. நேரம்: உச்சிப்பொழுது. பஞ்சாங்கத்தைப் புரட்டி வானத்தின் மேல் குற்றம் சொல்லலாம் என்றால் வழியில்லை. சனிக்கிழமை ராகுகாலம் 10:30க்கே முடிந்துவிட்டது. எமகண்டம் 1:30க்குத்தான் ஆரம்பம். அமாவாசை கழிந்து நான்காம் நாள், வளர்பிறை. கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுகிறவர்கள்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து இறக்க மாட்டார்கள்.

மாதம்: மாசி. கரிசலில் பருத்தி வெடிக்கிற மாதம், வேறு எதுவும் வெடிக்கக் காரணமில்லாத மாதம். மகாசிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போனவர்கள் திரும்பி வந்து வாரம்கூட ஆகவில்லை. அந்த வெயிலில் பெருஞ்சத்தத்தோடு இரண்டு கற்கள் விழுந்தன. பெரியது 134 பவுண்டு, நம் கணக்கில் 61 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சிறியது 37 பவுண்டு, 17 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று ஆள் கனம், இன்னொன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதுப் பிள்ளை கனம். தகப்பனும் மகனுமாக வந்து இறங்கியதுபோல் இருக்கிறது.

இடம்: இங்கேதான் முதல் குளறுபடி. உலகத்து விண்கல் பட்டியல்களில் இந்தக் கல்லின் பெயர், அதாவது அது விழுந்த ஊரின் பெயர், "பர்னல்லீ". எந்தத் தாலுகா ஆபீசிலும் இப்படி ஒரு ஊருக்குப் பட்டா வாங்க முடியாது. ஆனால் பட்டியலில் கொடுத்திருக்கிற அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பிடித்துக்கொண்டு வரைபடத்தில் போனால், விரல் கமுதிக்குத் தெற்கே பெருநாழிப் பக்கம் போய் நிற்கிறது. திருச்சிராப்பள்ளியை டிரிச்சினாப்பொலி ஆக்கிய நாக்கு அது. அதற்குப் பெருநாழியைப் பர்னல்லீ ஆக்குவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேலை. 'ழி'யை மட்டும் தொட்டுப் பார்த்திருப்பார்கள், சுட்டிருக்கும், விட்டுவிட்டார்கள்.

நாழி என்றால் படி. பெருநாழி என்றால் பெரும்படி என்று நானாகப் பொருள் வைத்துக்கொள்கிறேன்; ஊர்க்காரர்கள் வேறு கதை வைத்திருந்தால் அதுவே சரி. ஆனால் வானம் என் கட்சி. ஊர்ப் பெயருக்கு மரியாதை கொடுத்துத் தலைதட்டாமல் கோபுரமாக 77 கிலோவுக்கு மேல் அளந்து போட்டிருக்கிறது.

சாட்சிகள்

நடுப்பகலில், அறுப்பும் பருத்தியுமாக இருக்கிற மாதத்தில், காட்டில் ஆள் இல்லாமல் இருக்குமா? சாட்சிகள் நிச்சயம் இருந்தார்கள். பெயர்தான் இல்லை. கல்லுக்குப் பவுண்டுக் கணக்கில் எடை எழுதி வைத்தவர்களின் பட்டியலில், அதைக் கண்ணால் கண்ட ஒரு மாடசாமிக்கோ ஒரு இருளாயிக்கோ ஒரு வரி ஒதுக்கவில்லை. ஆகவே அவர்கள் பேசியிருக்கக்கூடியதை இந்த மண்ணின் வாயை வைத்து நானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"என்னப்பு, வேட்டுச் சத்தம்? எந்தக் கோயில்ல?"

"சிவராத்திரிதான் முடிஞ்சுபோச்சே மாமா. இன்னிக்கு எவன் வேட்டுப் போடுறான்?"

"அப்ப இடியா இருக்கும்."

"மாசி வெயில்ல இடியா? ஒரு மேகத்தைக் காட்டு, நான் மொட்டை போட்டுக்கிறேன்."

"தெக்க பனை உசரத்துக்குப் புழுதி கெளம்புச்சு, நான் பாத்தேன்."

"வடக்கங்கிறா பெரியாத்தா."

"பெரியாத்தாளுக்குக் கண்ணு மங்கி ஆறு வருஷமாச்சு."

"காது நல்லாத்தான் கேக்குது."

சிரிக்க வேண்டாம். இந்தச் சண்டையில் மாமாவும் பொய்யில்லை, பெரியாத்தாளும் பொய்யில்லை. விண்கல் காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது குறைந்தபட்சம் நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகம். காற்றில் தேய்ந்து, எரிந்து, உடைந்து, தன் வேகத்தையெல்லாம் தரைக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் மேலேயே இழந்துவிடும். அங்கே வெளிச்சம் அணைந்துபோகும். அதற்குப் பிறகு அது மொட்டை மாடியிலிருந்து தவறிய அம்மிக்கல் மாதிரி இருட்டாக, பேசாமல் விழுகிறது. வெளிச்சம் உடனே வந்துவிடும். சத்தம் வந்து சேர ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஆகும். சத்தம் கேட்டு நிமிர்கிறவன் எல்லாம் முடிந்துபோன வானத்தைப் பார்க்கிறான். அவன் பார்த்த திசை ஒன்று, கேட்ட திசை ஒன்று, கல் விழுந்த திசை ஒன்று.

தூரத்தில் இன்னும் மோசம். வானத்தில் பனைமரமும் இல்லை, மைல்கல்லும் இல்லை. அளக்க எதுவும் இல்லாத இடத்தில் மனிதன் தன் வீட்டை வைத்துத்தான் அளப்பான். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எரிந்த கொள்ளியை "நம்ம கம்மாய்க்கு அந்தண்டதான் விழுந்துச்சு" என்று சத்தியம் பண்ணுவான். உலகம் முழுக்க விண்கல் தேடிப் போகிறவர்கள் முதலில் கேட்டு அலுத்துப்போகிற வாக்கியம் இது. மொழிதான் மாறும், கம்மாய் மாறாது.

தமிழில் இந்தச் சாட்சியத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு விண்கொள்ளி விழுந்ததைப் பதிவு செய்கிறார். பங்குனி மாதம், எந்த நட்சத்திரம் எங்கே நின்றது என்ற விவரத்தோடு. அப்படி எழுதிய போலீஸ்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. கொள்ளி விழுந்தால் ராஜாவுக்கு ஆகாது என்று புலவர் பயந்தார். ஏழாம் நாள் சேர மன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை போய்ச் சேர்ந்தான்.

அந்தச் சூத்திரத்தை இங்கே போட்டுப் பாருங்கள். பெருநாழியில் கல் விழுந்தது பிப்ரவரி 28. மே 10இல் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தார்கள். 1858 நவம்பர் 1இல் விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்து, கம்பெனி ஆட்சிக்கு மங்களம் பாடியாயிற்று. சேரனுக்கு ஏழு நாளில் பலித்த சகுனம் கம்பெனிக்குப் பலிக்க 20 மாதம் எடுத்திருக்கிறது. ஆபீஸ் விஷயம் என்றால் கோப்பு நகர அவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும்.

முன்வழக்கு

கல் வானத்திலிருந்து விழும் என்று நம்பாததற்குப் படிக்காத ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் எப்போதும் நம்பினார்கள். நம்ப மறுத்தது படித்தவர்கள். 1768இல் பிரான்சில் லூசே என்ற ஊரில் ஒரு கல் விழுந்தது. விவசாயிகள் பார்த்தார்கள், எடுத்துக் கொடுத்தார்கள். பாரிஸ் விஞ்ஞானக் கழகம் லவாய்சியே உள்ளிட்ட அறிஞர்களை வைத்து ஆராய்ந்து, அது தரையில் கிடந்த கல்தான், மின்னல் தாக்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. நவீன வேதியியலுக்கே தகப்பனார் லவாய்சியே. அவர் கையில் கல் இருந்தது, கண்டவர்களின் சாட்சியமும் இருந்தது. சாட்சியின் காலில் சேறு இருந்ததுதான் குற்றம்.

இந்தப் பிடிவாதம் தீர ஐரோப்பா காசிக்கு வர வேண்டியிருந்தது. 1798 டிசம்பர் 19 ராத்திரி காசிக்குப் பக்கத்தில் கல்மழை பெய்தது. கற்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஹோவர்ட் என்ற வேதியியலாளர் அவற்றையும் இங்கிலாந்திலும் வேறு இடங்களிலும் விழுந்த கற்களையும் ஒரே மேசையில் வைத்து அலசி 1802இல் எழுதினார்: எங்கெங்கோ விழுந்த கற்களின் சரக்கு ஒன்றுபோலவே இருக்கிறது, நிக்கல் கலந்த இரும்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. மறு வருஷமே பிரான்சின் லைகிள் ஊரில் ஆயிரக்கணக்கில் கல் கொட்டியது. பியோ என்ற இளம் விஞ்ஞானி நேரில் போய் ஊர் ஊராக விசாரித்து, விழுந்த இடங்களைக் குறித்து எழுதினார். அதோடு கழகத்தின் வாய் அடைத்தது.

காசிக்குப் போனால் கர்மம் தொலையும் என்பார்கள். ஐரோப்பாவின் கர்மமும் அங்கேதான் தொலைந்தது. எங்கள் சிவகாசிக்குப் பெயர் வந்ததே காசியிலிருந்து பாண்டியன் கொண்டுவந்த லிங்கம் வழியில் இங்கே தங்கிவிட்டதால் என்பது தலவரலாறு. காசிக் கல்லுக்கும் இந்தப் பக்கத்துக்கும் பழக்கம் புதிதில்லை.

புலனாய்வு

பெருநாழி வழக்கில் விசாரணை அதிகாரியாக வாய்த்தவர் காக்கிச் சட்டைக்காரர் இல்லை, பாதிரியார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஹெச். எஸ். டெய்லர். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து மண்டபசாலையில் இருந்தவர். வானத்திலிருந்து வந்த செய்தியை ஜனங்களுக்குச் சொல்வதற்காகக் கடல் கடந்து வந்த மனிதரிடம், வானத்திலிருந்து வந்த சரக்கை ஜனங்களே சொன்னார்கள். தொழிலில் இப்படியும் ஒரு நாள் வரும்.

டெய்லர் துரை செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு: சேற்றுக்காலைப் பார்க்காமல் சாட்சியை நம்பினார். கல்லைப் பற்றி வெளியுலகத்துக்குச் சேதி சொன்னார். அவர் மட்டும் கொஞ்சம் அசந்திருந்தால், அல்லது கல் சில நாள் முந்திச் சிவராத்திரியன்று விழுந்திருந்தால், கதையே வேறு. குலசாமிக்குப் பீடம் போட நல்ல கல் தேடுகிற பூமி இது. வானத்திலிருந்து தானாக வந்த கல்லுக்கு அன்று ராத்திரியே பட்டு சாத்தி, எண்ணெய்க்காப்பு நடந்து, "வானத்துக் கருப்பு" என்று பெயரும் வைத்திருப்பார்கள். விழுந்தது இரண்டு என்பதால் அண்ணன் சாமி, தம்பி சாமி என்று பங்காளிகள் பிரிந்திருப்பார்கள். முதல் மரியாதை யாருக்கு என்று மதுரைக் கோர்ட்டில் இன்றைக்கும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கும்.

நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். பெரிய கல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. சிறியது அமெரிக்காவின் ஒஹாயோவில் வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரிக்குப் போனது. அப்போது மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் இல்லை. சூயஸ் கால்வாயில் தண்ணீர் விடவில்லை. கோடானுகோடி மைலைச் சத்தமில்லாமல் கடந்து வந்த கல், கரிசல் காட்டு வண்டிப்பாதையில் கடக்முடக்கென்று ஆடியபடிதான் கிளம்பியிருக்கும். பயணத்தில் சிரமமான கட்டம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். பெயர் கிடைத்தது. அதுவும் தப்பான பெயர்.

தடயம்

1861இல் வியன்னாவில் ஹைடிங்கர் என்ற கனிமவியல் அறிஞர் இந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு அறுப்பதும் அரைப்பதும் அமிலத்தில் போடுவதுமாக ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. கடைசியில் கல்லின் ஜாதகத்தை எழுதி முடித்தார்கள்: எல்எல்3 ரகம், காண்டிரைட்.

இதற்கு விளக்கம் லேபரட்டரியில் இல்லை, மிட்டாய்க்கடையில் இருக்கிறது. கரைத்த மாவை ஜல்லிக்கரண்டியில் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகக் காய்ந்த எண்ணெயில் விழுந்து உருண்டு இறுகுவது பூந்தி. சூரியன் பிறந்த புதிதில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், அதைச் சுற்றியிருந்த தூசி உருகிச் சொட்டுச் சொட்டாகி, மிதந்தபடியே இறுகியது. மில்லிமீட்டர் அளவு உருண்டைகள். காண்டிரூல் என்று பெயர். அப்படி இறுகிய பூந்திகள் ஒன்றோடொன்று ஒட்டி லட்டாகப் பிடிக்கப்பட்டதுதான் காண்டிரைட். எல்எல் என்றால் இரும்பும் உலோகமும் குறைச்சலான பாகு. பின்னால் வருகிற எண், லட்டைப் பிடித்த பிறகு எவ்வளவு சூடு பட்டது என்பதற்கு. 3 என்றால் சூடு அதிகம் படவில்லை, பூந்தி பூந்தியாகத் தனித்தனியே எண்ணலாம். 6 என்றால் வெந்து குழைந்து பூந்தி எது பாகு எது என்று தெரியாமல் ஆகிவிட்டது.

6க்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2008 செப்டம்பர் 12 காலையில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் சுமார் 110 கிலோ கொட்டியது, எல்எல்6. ஆக இரண்டு லட்டும் நம்மிடம் வந்து விழுந்திருக்கின்றன. பெருநாழியில் விழுந்தது பழைய, கைபடாத, உதிரி பூந்தி ரகம். விஞ்ஞானிகளுக்கு அதில்தான் ருசி. சூரியக் குடும்பம் அடுப்புப் பற்றவைத்த நாளில் சமையலறை எப்படி இருந்தது என்று அதைக் கேட்டால்தான் தெரியும்.

குறுக்கு விசாரணை

இந்தக் கட்டைப் படித்துவிட்டு மற்ற வழக்குகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. 1947 ஜூன் 24 அன்று கென்னத் அர்னால்ட் என்ற அமெரிக்க விமானி மலைப்பக்கம் ஒன்பது பொருட்கள் பறந்ததைப் பார்த்தார். தண்ணீர் மேல் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்று போன விதத்தைத்தான் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் அதை உருவமாக்கிப் "பறக்கும் தட்டு" என்று அச்சடித்தார்கள். மறு வாரத்திலிருந்து அமெரிக்கா முழுக்க ஜனங்கள் தட்டுத் தட்டாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெருநாழி பர்னல்லீ ஆனது போலத்தான். சாட்சி ஒன்று சொல்வான், எழுதுகிறவன் கை ஒன்று எழுதும், பிறகு எழுதியதுதான் நிற்கும்.

அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் விசாரணையில் 12,618 வழக்குகள். அதில் 701 கடைசிவரை அடையாளம் தெரியாமலே போயின. சாட்சிக்குக் குறைவில்லை, விமானிகளும் போலீஸ்காரர்களும்கூட உண்டு. மேசைமேல் வைத்துப் பூந்தி எண்ணுகிற மாதிரி ஒரு துண்டு கிடைத்ததில்லை. பெருநாழியில் நேர்மாறு: அங்கே சாட்சியின் பெயர் இருக்கிறது, கல் இல்லை, இங்கே கல் இருக்கிறது, சாட்சியின் பெயர் இல்லை. இரண்டு வழக்கும் பாதி வழக்குகள்தான்.

நம் ராணுவமும் தப்பவில்லை. 2012–13இல் லடாக் எல்லையில் சீனாப் பக்கத்திலிருந்து வெளிச்சங்கள் வருவதாக வீரர்கள் மாதக்கணக்கில் குறிப்பெழுதினார்கள். வானியலாளர்கள் போய்ப் பார்த்தார்கள். வேவு பார்த்தவை வியாழனும் வெள்ளியும். இரண்டும் நம் ஜாதகக் கட்டத்தில் குடியிருக்கிற ஆட்கள். எல்லைக் காவலுக்கு ஒரு ஜோசியரை அனுப்பியிருந்தால் முதல் ராத்திரியே, "குருவும் சுக்கிரனும் சார், தட்சணை வையுங்க" என்று முடித்திருப்பார்.

சிரிக்க முடியாத வழக்கும் உண்டு. 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளிக்கு அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் திடீரென்று வெடித்துத் தரையில் குழி விழுந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விழுந்தது விண்கல் என்று அரசு அறிவித்து, குடும்பத்துக்கு 1 லட்சம் நிவாரணம் தந்தது. விண்கல்லால் மனிதன் இறந்தது சரித்திரத்தில் அபூர்வம் என்று உலகப் பத்திரிகைகள் ஓடிவந்தன. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். எங்கள் திண்ணைப் பெரியவரைக் கூப்பிட்டிருந்தாலும் குழியைப் பார்த்ததும் முதலில் வானத்தைக் கேட்டிருக்க மாட்டார். "பக்கத்துல என்ன வேலை நடந்துச்சு?" என்றுதான் கேட்டிருப்பார். வெடிமருந்தோடு வாழ்கிறவர்களுக்கு வானத்தின் மேல் பழி போடுகிற பழக்கம் கிடையாது.

நிலுவை

வானத்தின் மேல் பழி போடாத அந்தக் குணத்தை நான் கண்ணால் பார்த்த ஒரு நாள் உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு, அத்தை வீட்டில். சரியாக உச்சிப்பொழுது, பெருநாழிக் கல் விழுந்த அதே நேரம். பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. நான் ஜன்னல் வழியாக வானத்தை எட்டிப் பார்த்தேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. அத்தை புளிக்கையைக் கழுவாமல் மொட்டை மாடிக்கு ஓடினாள்.

பின்னாலேயே போனேன். தெரு முழுக்க மாடிக்கு மாடி பெண்கள். எல்லார் கண்ணும் அடிவானத்தில். சாத்தூர்ப் பக்கம் பார், வெம்பக்கோட்டைப் பக்கம் பார், திருத்தங்கல் பக்கம் பார். எங்கே புகை? அடுத்த மாடியில் ஒருத்தி போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "எடுக்க மாட்டேங்கிறாரே, எடுக்க மாட்டேங்கிறாரே" என்று நடந்துகொண்டிருந்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அத்தையின் காது எந்த வெடியின் பெயரையும் சொல்லவில்லை.

புகை எழும்பவில்லை. ஆம்புலன்ஸ் சத்தமும் இல்லை. அடுத்த மாடிக்காரி, "எடுத்துட்டாரு! சாப்பிட்டுட்டு இருக்காராம்!" என்று கத்தினாள். சிரிப்பும் திட்டுமாக மாடிகள் காலியாயின.

"என்ன அத்தை சத்தம் அது?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? பொகை இல்ல. நம்மளது இல்ல. வானத்துது ஏதோ."

அவ்வளவு நிம்மதியாக ஒருவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. புளி காய்ந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரசம் வைக்க இறங்கினாள்.